இருட்டைப் பார்க்காத குஞ்சுகள்

உள்ளறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தபோது துரைராஜ் செல்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி கூடத்தில் நின்றிருந்தார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஜென்சி எடுப்பதாக இல்லை.

குஞ்சுகள் நாள் முழுக்கத்தான் சத்தம் போடும். தீனி பொறுக்கும்போது ஒன்று, தூக்கம் வரும்போது ஒன்று. இது அந்த இரண்டிலும் சேராது. இருபத்திரண்டு குஞ்சுகளும் தொண்டை கிழிய யாரையோ கூப்பிட்டு அலறும் சத்தம். போனை நாற்காலியில் போட்டுவிட்டு அவர் ஓடினார். அறுபத்தொரு வயதில், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

கரண்ட் போயிருந்தது. ஒரு காலத்தில் புஷ்பம் உட்கார்ந்து தைத்த அறை அது. பனிக்காற்று புகாமலிருக்க ஜன்னலுக்குக் கனத்த போர்வை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். தரையில் உமி பரப்பி, அட்டையை வட்டமாக வளைத்து வேலி கட்டி, நடுவில் இரண்டு குண்டு பல்புகளைக் கயிற்றில் இறக்கியிருந்தார். அவற்றில் ஒன்று, இந்த வருஷம் வாசலில் ஏறாமல் போன கிறிஸ்துமஸ் நட்சத்திரத்திலிருந்து கழற்றியது. இரண்டும் அணைந்திருந்தன. அரையிருட்டில் குஞ்சுகள் ஒரே பக்கமாக நெருக்கியடித்து, ஒன்றன் முதுகில் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன.

"இருங்கடா... இருங்கடா... வந்துட்டேன்."

வெயில் படட்டும் என்று போர்வையை விலக்கினார். அடுப்பில் வெந்நீர் வைத்து, இரண்டு பாட்டில்களில் ஊற்றி, புஷ்பத்தின் பழைய துணித் துண்டுகளைச் சுற்றி உமியில் கிடத்தினார். சத்தம் அடங்கியது. குஞ்சுகள் பிரிந்து போய்த் தீனியைக் கொத்த ஆரம்பித்தன.

'குளிர் தாங்கல பாவம்' என்று நினைத்துக்கொண்டார்.

முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில் எலக்ட்ரிக்கல் பிட்டராக இருந்தவர். கோளாறு எதனால் வந்தது, எதைச் செய்ததும் நின்றது என்று பார்த்தே பழகிய மூளை. போர்வையை விலக்கியதும் வெந்நீர் வைத்ததும் அடுத்தடுத்து நடந்தவை. அவர் வெந்நீரைத்தான் நம்பினார். அந்த நம்பிக்கைக்கு என்ன விலை என்பது அவருக்குத் தெரிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

திரும்பி வந்து போனை எடுத்தார். எடுக்கப்படாத அழைப்பு. புஷ்பம் இறந்து அன்றைக்கு இருபத்தேழாவது நாள். இந்த இருபத்தேழு நாளில் ஜென்சி அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜென்சி புஷ்பத்தின் தங்கை. பதினெட்டு வயது இளையவள். தாய் இறந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. சாவு வீட்டிலிருந்து ஒரு துணிப்பையும் ஒரு ஜோடி செருப்புமாக அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மாடம்பாக்கத்து வீட்டுக்கு வந்தாள். துரைராஜுக்கும் புஷ்பத்துக்கும் பிள்ளை இல்லை. அதனால் அவள் தங்கையாக இருந்தது கொஞ்ச நாள்தான். சேலையூரில் பள்ளிக்கூடம். மழை நாளில் அவளைத் தன் ரெயின்கோட்டுக்குள் போர்த்தி டி.வி.எஸ். வண்டியில் முன்னால் நிறுத்திக் கொண்டுபோய் விட்டவர் துரைராஜ். அவளுக்கு அம்மை போட்டபோது வேலைக்கு லீவு போட்டு வேப்பிலைக் கொத்தோடு உட்கார்ந்திருந்தவர். கல்யாணத்தன்று மாதா கோயிலில் அவள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டுபோய் மெர்வினிடம் ஒப்படைத்தவரும் அவர்தான். அவள் "மாமா" என்று கூப்பிடும்போது அதில் அப்பா என்ற சொல் ஒளிந்திருப்பதாக அவர் யாருக்கும் சொல்லாமல் நம்பிக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்டவளை அவர் இழந்தது ஐந்து நிமிஷத்தில்.

மெர்வினுக்குப் போன ஆடி மாதத்தில் கம்பெனி வேலை போனது. படப்பையில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் நல்ல காலி இடம் இருந்தது. "கோழி வளர்த்தா என்னக்கா?" என்று ஜென்சி ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள். மறுநாளே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். யாரிடமும் எதையும் வாங்கிக்கொள்ளாத ரோஷக்காரி அவள். புஷ்பம் அவள் முதல்நாள் சொன்னதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாள். இரண்டு தெரு தள்ளி நாட்டுக்கோழி வளர்க்கும் கன்னியம்மாவிடம் போய் முப்பது முட்டை பொறுக்கி வந்தாள். துரைராஜ் தெர்மாகோல் பெட்டியில் பல்பும், சூட்டை அளவாக வைத்திருக்கும் தெர்மோஸ்டாட்டும் வைத்து முட்டை பொரிக்கும் மெஷின் ஒன்று செய்து கொடுத்தார். ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் சிலுவைக்குறி, மறுபக்கம் வட்டம் என்று புஷ்பம் பென்சிலால் போட்டாள். தினமும் மூன்று வேளை திருப்பி வைக்க வேண்டும். எதைத் திருப்பினோம் என்று மறக்கக் கூடாது.

"ஜென்சிக்கு இப்ப மூச்சு விடாதீங்க. குஞ்சாக் கொடுத்தா வேணாம்பா. வளர்ந்த கோழியாக் கொண்டுபோய் இறக்கிட்டா என்ன பண்ணுவா?" என்று சிரித்தாள்.

ஒன்பதாவது நாள் காலையில் காபி டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தவள், கழுவிய டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அப்படியே சமையலறைத் தரையில் சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவள் கடைசியாகச் சொன்னது, "மத்தியானம் முட்டையத் திருப்பணும்."

மறுநாள் அடக்கம். கூடத்தில் குளிர்பெட்டிக்குள் புஷ்பம். உள்ளறையில் சூட்டுப்பெட்டிக்குள் அவள் வைத்த முட்டைகள். ஒரே வீடு, ஒரே மின்சாரம். பங்காளிகளில் யாரோ, கரண்ட் இழுப்பது அதிகமாகிறது என்று மெஷினின் பிளக்கைப் பிடுங்கி விட்டிருந்தார்கள். மூன்று மணிக்குச் சாமியார் ஜெபம் முடித்து, "முகம் பார்க்கிறவங்க கடைசியாப் பார்த்துக்குங்க" என்றபோதுதான் துரைராஜ் திறந்திருந்த கதவு வழியாக அந்த மெஷினில் விளக்கு எரியாததைப் பார்த்தார்.

உள்ளே போனார். முட்டைகளைத் தொட்டார். சூடு ஆறிக்கொண்டிருந்தது. வேறு பாயிண்டிலிருந்து வயர் இழுத்தார். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து உள்ளங்கையில் பொத்தினார். அவர் வெளியே வந்தபோது சவப்பெட்டியின் மூடி இறுக்கப்பட்டிருந்தது.

ஜென்சி அவரைப் பார்த்துவிட்டாள். கையில் முட்டையோடு பார்த்துவிட்டாள்.

"என் அக்கா போறா! இந்த மனுஷன் முட்டைக்குக் காவல் காக்கிறாரு! பாருங்க எல்லாரும், நல்லாப் பாருங்க!"

அந்தக் குரல் அவர் காதைவிட்டு இன்னும் போகவில்லை. முட்டை அவளுக்குத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் வாய் மூடியிருக்கும். ஆனால் அதைச் சொன்னால் என்ன ஆகும்? தன்னால்தான் மாமா அக்காவின் முகம் பார்க்கவில்லை என்ற பாரத்தை அந்தப் பெண் ஆயுசு முழுக்கச் சுமக்க வேண்டும். துரைராஜ் வாயைத் திறக்கவில்லை. குஞ்சுகளை வளர்த்து ஆளாக்கி அவள் கையில் கொடுத்துவிட வேண்டும், அவள் வாங்கிக்கொண்டு இந்த வீட்டு வாசலை மறுபடி மிதிக்க வேண்டும். மிச்ச ஆயுசில் அவர் கேட்டது அது ஒன்றுதான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் முட்டைகள் விரிய ஆரம்பித்தன. ஊரே பாலனுக்குக் குடில் கட்டிக்கொண்டிருந்த ராத்திரியில், துக்க வீட்டில் இருபத்து மூன்று உயிர்கள் ஈரத்தோடு வெளியே வந்தன. அவர் ஒவ்வொன்றையும் எடுத்து அதன் அலகைத் தண்ணீரில் தொட்டுக் காட்டினார்.

அதன்பிறகு அவருக்கு வேறு வேலை இல்லை. எல்லோரும் எல்.இ.டி.க்கு மாறிவிட்ட காலத்தில் குண்டு பல்பு தேடிக் கேம்ப் ரோடு முழுக்க அலைந்தார்.

"எல்.இ.டி. வாங்கிட்டுப் போங்க சார், பளிச்சுனு வெளிச்சம் வரும்" என்றார் ஒரு கடைக்காரர்.

"எனக்கு வெளிச்சம் வேணாங்க. சூடுதான் வேணும்."

மூன்று நாளைக்கு ஒருமுறை பல்பை இரண்டு விரல் உயரத்துக்கு ஏற்றினார். ஏழாம் நாள் ஒவ்வொரு குஞ்சுக்கும் கண்ணில் சொட்டு மருந்து விட்டார். ஒரு குஞ்சு முதல் வாரத்திலும் ஒன்று மூன்றாவது வாரத்திலும் செத்துப்போயின. மிச்சம் இருபத்தொன்று. மஞ்சள் பூமயிர் உதிர்ந்து, தோளில் பழுப்பும் கறுப்புமாகச் சிறகு வந்தது. கன்னியம்மா தினமும் ஒருமுறை வந்து எட்டிப் பார்ப்பாள்.

"இன்னா சார், அத்தயே பாத்துகினு குந்திகினு கீறீங்க? சாப்டீங்களா இல்லியா?"

"சாப்பிட்டேன் கன்னியம்மா."

"பொய்யி. அடுப்பு அலம்பி வெச்ச மாரியே கீது. அக்கா இருந்தா இந்நேரம் உங்கள இன்னா கேள்வி கேட்டுருக்கும்! இந்தாங்க, ரசம் சோறு. மொதல்ல நீங்க துன்னுங்க, அப்பால கோழிக்குப் போடலாம்."

பின்பக்கம் இரும்பு ஆங்கிளும் வெல்டு மெஷ் கம்பி வலையும் வைத்து அவரே கூண்டு அடித்தார். தரையிலிருந்து ஒரு முழம் உயரம். மேலே சிமெண்ட் ஷீட். கீரியும் பெருச்சாளியும் நுழைய முடியாதபடி அடியிலும் கம்பி வலை. கன்னியம்மா சுற்றி வந்து பார்த்தாள்.

"ஜெயிலு மாரி கட்டிட்டீங்க சார். நல்லாத்தான் கீது. ஆனா ஒடனே ராவுல வுட்டுடாதீங்க. பகல்ல வுட்டுட்டுப் பொழுது சாய உள்ள எடுத்துடணும். ஒரு வாரம் இப்புடி ஓட்டுங்க. மூலைங்கள்ல அட்டைய வளைச்சு வெச்சு அடைச்சுடுங்க. மொத நாளு ராவு பக்கத்துலயே படுத்துக்கணும்."

அவர் தலையாட்டினார். ஆனால் ஒரு வாரம் கிடைக்கவில்லை.

புஷ்பம் இறந்த நாற்பத்தோராம் நாள் காலையில் திருப்பலி. அதற்கு முந்தின நாள் மாலை வீட்டில் ஜெபமாலை சொல்ல கோயிலைச் சேர்ந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்கள், அன்பியத்துக்காரர்கள் வருகிறார்கள். உள்ளறையில் உமியும் கோழி வாடையுமாக இருந்தால் முகத்தைச் சுளிப்பார்கள். புஷ்பம் இருந்த வீட்டை யாரும் அப்படிச் சொல்லக் கூடாது. வெயிலுக்கு இரண்டு தடவைதான் குஞ்சுகளை வெளியே காட்டியிருந்தார். அன்று காலை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய்க் கூண்டில் விட்டார். அறையைக் கழுவிவிட்டார்.

குளிருக்குத் தன் தொழிலிலேயே ஒரு வழி கண்டுபிடித்தார். முட்டை மெஷினிலிருந்த தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கூண்டுக்குள் பல்போடு சேர்த்து மாட்டினார். குளிர்ந்தால் பல்பு எரியும். போதுமான சூடு வந்தால் தானே அணையும். இரண்டு தடவை அதைக் கையால் பொத்திச் சூடாக்கிச் சோதித்தார். கச்சிதமாக வேலை செய்தது. அன்பியத்துக்காரர்கள் வந்தார்கள், ஜெபமாலை சொன்னார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். ஜென்சி வரவில்லை. மூலைகளை அடைக்க வேண்டும் என்பது அந்தக் கூட்டத்தில் அவருக்கு மறந்தே போனது. போய்ப் பார்த்தபோது பல்பு எரிந்துகொண்டிருந்தது, குஞ்சுகள் அதன் கீழே அமைதியாக இருந்தன. அசதியில் உள்ளே வந்து படுத்தவர் அயர்ந்துவிட்டார்.

காலை ஐந்தேகால். கோயிலுக்குப் போக வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கிளம்புவதற்கு முன் தீனி வைத்துவிடலாம் என்று பின்பக்கம் போனார்.

கூண்டு இருட்டாக இருந்தது. டார்ச் அடித்தார். ஒரு மூலையில் குஞ்சுகள் எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தன. கையை விட்டு மேலே இருந்தவற்றை விலக்க விலக்க, அடியில் இருந்தவை அசையவில்லை. ஒன்று. இரண்டு. ஐந்து. காயம் இல்லை, ரத்தம் இல்லை. மற்றவற்றின் மூச்சு பட்டு நனைந்து, பலகை மாதிரி தட்டையாக இருந்தன. இன்னும் மூன்று, வாயைப் பிளந்துகொண்டு இழுத்துக்கொண்டிருந்தன.

கன்னியம்மாவுக்குப் போன் செய்தார். "வா" என்று மட்டும் சொன்னார். தலைமுடியை அள்ளி முடிந்தபடி அவள் வந்து சேர்ந்தாள்.

"தெர்மோஸ்டாட் நல்லாத்தான் இருக்கு கன்னியம்மா. சூடு குறையல. குளிரே இல்ல. அப்புறம் எப்படி..."

"குளுருல சாவல சார்." அவள் செத்த குஞ்சு ஒன்றைப் புரட்டிப் பார்த்தாள். "பயந்து செத்துகீது. பொறந்ததுலேர்ந்து பல்பு கீயே வளந்ததுங்க. இருட்டுன்னா இன்னான்னே தெரியாது. டப்புன்னு லைட்டு நின்னதும் எங்க போறதுன்னு தெரியாம ஒண்ணு மேல ஒண்ணு ஏறி அமுங்கிகினு பூட்சி."

துரைராஜ் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வாரத்துக்கு முன் கரண்ட் போன மத்தியானம் கண்முன் வந்தது. அன்று அலறலை நிறுத்தியது வெந்நீர் இல்லை. போர்வையை விலக்கியபோது உள்ளே வந்த வெளிச்சம். முப்பத்தாறு வருஷம் விளக்கோடு வாழ்ந்தவனுக்கு அது தெரியாமல் போயிற்றே! மெஷினில் கோளாறே இல்லை. போதுமான சூடு வந்ததும் விளக்கை அணை என்று அவர் சொன்னதை அது சொன்னபடி செய்திருந்தது.

கோயில் மணி அடித்தது. கன்னியம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"பூசைக்கு நேரமாவல?"

இழுத்துக்கொண்டிருந்த மூன்றில் ஒன்று அவர் உள்ளங்கையில் இருந்தது. வெல்லத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அலகில் தடவிக்கொண்டிருந்தார். இரண்டாம் மணியும் அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

மூன்றும் தலை தூக்கி நின்றபிறகுதான் ஓடினார். கோயிலுக்குள் நுழையும்போது நற்கருணை வாங்கும் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. புஷ்பத்தின் பெயரைச் சொல்லி ஜெபித்து எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது. வெள்ளைச் சட்டையில் உமி ஒட்டியிருப்பதை அவர் கவனிக்கவில்லை. பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் ஜென்சி இருந்தாள். படப்பையிலிருந்து விடிவதற்கு முன்பே பஸ் பிடித்து வந்திருக்கிறாள். அவள் திரும்பினாள். முகத்தைப் பார்க்கவில்லை; அவர் சட்டையைப் பார்த்தாள். உமியைப் பார்த்தாள்.

அவர் வீட்டுக்கு வந்து கால் கழுவுவதற்குள் கேட் திறந்தது.

நாற்பத்தொரு நாளாக அவர் ஏங்கிய காட்சிதான். ஜென்சி செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வாசலைத் தாண்டினாள். ஆனால் கூடத்தில் மாலை போட்டிருந்த அக்காவின் படத்திடம்கூட நிற்காமல் நேராகப் பின்பக்கம் போனாள். கன்னியம்மா செத்த குஞ்சுகளைப் பேப்பரில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவும் கோழிதானா மாமா?" அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "அன்னிக்குப் பெட்டி மூடும்போது இல்ல. இன்னிக்குப் பேர் சொல்லும்போது இல்ல. எங்க அக்கா உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினா?"

துரைராஜ் அவள் பின்னால் வந்து கூண்டுக் கதவைச் சாத்தினார்.

"சொல்லுங்க! முப்பது வருஷம் உங்களுக்குச் சோறு போட்டவ. ஒரு கோழிக்குஞ்சு பெறமாட்டாளா?"

"தோ பாரும்மா," கன்னியம்மா எழுந்தாள். "வந்ததும் வராததுமா இன்னாத்துக்கு அந்த மனுசன வறுக்கிற?"

"கன்னியம்மா, வேணாம்" என்றார் துரைராஜ்.

"இன்னா வேணாம்? நாப்பது நாளா பாத்துகினு கீறேன். யம்மா, இது யாருக்கு வெச்ச முட்டைன்னு தெர்யுமா உனுக்கு? உங்கக்கா எங்கிட்டதான் வந்து பொறுக்கி எடுத்துகினு போச்சு. 'நல்ல முட்டையா பாத்துக் குடு கன்னியம்மா, என் தங்கச்சிக்கு'ன்னு சொல்லிச்சு. உனுக்குத்தாம்மா! மொத்தமும் உனுக்குத்தான்! இந்த சார் வாய்ல கொழுக்கட்ட வெச்சுகினு நிக்குது, நீ பாட்டுக்கு ஏறிகினு போறியே!"

ஜென்சி கவிழ்த்துப் போட்டிருந்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கா?" என்றாள். கூண்டுக்குள் பார்த்தாள். பேப்பரில் கிடந்த ஐந்தையும் பார்த்தாள்.

துரைராஜ் அத்தோடு விட்டிருக்கலாம். கன்னியம்மா அவர் வழக்கை அவருக்காகப் பேசி ஜெயித்துவிட்டாள். அந்தப் பெண்ணின் கோபம் கரைந்து அழுகையாகிற நேரம். இன்னும் ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் அவள் அவர் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருப்பாள். ஆனால் அந்த முகம், ஒன்பது வயதில் துணிப்பையோடு வந்து நின்ற அதே முகமாக இருந்தது. அந்த முகத்திடம் அவரால் பாதி உண்மையோடு நிற்க முடியவில்லை.

"முட்டைக்காக மட்டும்தான் உள்ளே இருந்தேன்னு நினைக்காதே ஜென்சி" என்றார். "விளக்கு அணைஞ்சிருந்தது நெஜம். வயர் இழுக்க ஒரு நிமிஷம் போதும். நான் அதுக்கப்புறமும் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு முட்டையா எடுத்து எடுத்து வெச்சிட்டிருந்தேன். பெட்டி மூடுறதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லம்மா. முட்டைய ஒரு சாக்கா வெச்சு ஒளிஞ்சிக்கிட்டேன். அவ்வளவுதான். இன்னிக்கும் குஞ்சுங்க பொழைச்சு எழுந்தப்புறம் கொஞ்ச நேரம் இங்கேயேதான் நின்னேன். அவ பேரை மைக்குல கேட்க முடியாதுன்னு."

கன்னியம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

ஜென்சி தரையைப் பார்த்தபடி பேசினாள்.

"அன்னிக்கு என்ன நடந்ததுன்னு உங்களுக்குத் தெரியாது மாமா. மூடிய எடுத்துக்கிட்டு பெட்டிக்காரங்க ரெண்டு பேரும் நின்னாங்க. 'மூடலாமா'ன்னு கேட்டாங்க. சுத்திப் பார்த்தேன், நீங்க இல்ல. எல்லாரும் என் மூஞ்சியப் பார்க்கிறாங்க. நான்தான் தலையாட்டினேன். எங்க அக்கா முகத்தை மூடச் சொல்லி நான் தலையாட்டினேன் மாமா. அது என் வேலையா? அன்னிக்கு என் தலை அசைஞ்சதை நினைச்சு நினைச்சு எத்தனை நாளாத் தூங்காம இருக்கேன் தெரியுமா?"

அவருக்கு அது தெரியாது. அந்தக் கோபத்துக்கு அடியில் இப்படி ஒன்று கிடக்கும் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. அவள் மேல் பாரம் ஏறக் கூடாது என்று அவர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பாரமோ அவர் உள்ளறைக்குள் போன அன்றே அவள் மேல் ஏறிவிட்டிருந்தது. அவர் அவள் எதிரில் ஈரத்தரையில் உட்கார்ந்தார். அடக்கத்தன்று வராத கண்ணீர், கல்லறையில் மண் போட்டபோதும் வராத கண்ணீர், இப்போது வந்தது. அதைத் துடைக்க அவர் கையைத் தூக்கவில்லை.

"என் வேலைதாம்மா. நான் செஞ்சிருக்க வேண்டியது. உன்னைச் செய்ய வெச்சிட்டேன்."

அவள் அழுதாள். அவர் அழுதார். கன்னியம்மா முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, "நல்லா அளுங்க, ரெண்டு பேரும் நல்லா அளுங்க" என்று முணுமுணுத்தபடி முருங்கை மரத்தடியில் குழி வெட்டினாள். ஐந்து குஞ்சுகளையும் துரைராஜே எடுத்துக் குழியில் வைத்தார். ஜென்சி ஒரு கைப்பிடி மண் அள்ளிப் போட்டாள்.

"மிச்சம் எத்தனை மாமா?"

"பதினாறு. ஒன்பது பெட்டை இருக்கும்னு கன்னியம்மா சொல்றா."

"மன்னிச்சிட்டேன்னு என்னால சொல்ல முடியல. பொய் சொல்ல வரல எனக்கு. ஆனா அக்கா எனக்குன்னு வெச்சதை வேணாம்னு சொல்ல மாட்டேன்."

துரைராஜ் தலையசைத்தார். அதற்குமேல் கேட்க அவருக்கு வாயும் இல்லை, ஆசையும் இல்லை.

"இன்னிக்கே தூக்கிட்டுப் போகாதே" என்றார் சிறிது கழித்து. "அரண்டு போயிருக்குங்க. சின்னதா ஒரு ஜீரோ வாட் பல்பு போட்டு, தினம் கொஞ்ச கொஞ்ச நேரம் அணைச்சு, இருட்டைப் பழக்கிடறேன். ஒரு பத்து நாள் ஆகும்."

"பழக்கிக் கொடுங்க."

முகத்தைக் கழுவிக்கொண்டு அவள் கூடத்துக்கு வந்தாள். அக்காவின் படத்தின் முன் இப்போது நின்றாள். கண்ணாடியில் இருந்த தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அவர் காபி போடட்டுமா என்று கேட்டதற்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்றாள். வாசலில் செருப்பைத் தேடிப் போட்டாள். போகிறேன் என்று சொல்லாமல் கொஞ்ச நேரம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மெர்வினுக்குக் கூண்டு அடிக்கத் தெரியாது" என்றாள்.

"அளவு எழுதித் தர்றேன். மெஷ் எங்க வாங்கணும்னும் எழுதறேன்."

"எழுதி என்ன பண்றது? அடுத்த சனிக்கிழமை நீங்களே வாங்க. வந்து அடிச்சுக் கொடுங்க. லைட்டும் நீங்களே மாட்டுங்க, எனக்குக் கரண்ட்னா பயம். ரெண்டு நாள் ஆனாலும் ஆகும், மாத்திக்கத் துணி எடுத்துக்கிட்டு வாங்க."

அவர் "சரிம்மா" என்றார். சொன்னது அவருக்கே கேட்கவில்லை.

"சட்டையில உமி ஒட்டியிருக்கு பாருங்க மாமா. தட்டிவிடுங்க" என்று சொல்லிவிட்டு ஜென்சி படி இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கேட்டைத் தானே இழுத்துச் சாத்தி, உள்பக்கமாகக் கையை விட்டுக் கொக்கியையும் மாட்டிவிட்டு, பஸ் ஸ்டாப் பக்கமாக நடந்தாள். அவள் தெருமுனையில் திரும்பும்வரை துரைராஜ் வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.